சாம்பல் நிற நூல்கள்

நியூசிலாந்தின் டனீடின் நகரத்துக் கம்பளி ஆய்வகத்தில், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைத் தேநீர் வேளையில், பிரான்வினின் கணினித் திரையிலிருந்த கோடுகள் சாம்பல் நிற நூல்களாக வெளியே வந்து அங்கிருந்தவர்களை ஒருவரோடொருவர் கட்டின. யாரும் பதறவில்லை. நூல்களுக்கடியில் குனிந்து போய்ச் சீஸ் ஸ்கோன் ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

கம்பளிப் புரதத்தின் ஒவ்வொரு அமினோ அமிலமும் அவள் வரைபடத்தில் ஒரு புள்ளி. குறித்த தூரத்துக்குள் நெருங்கும் இரண்டுக்கு நடுவே ஒரு கோடு. இப்போது ஆளுக்கொரு புள்ளியும் திரையில் முளைத்திருந்தது. பிரான்வினுக்கும் அங்கேயே வேலை பார்க்கும் அவள் கணவன் ஃபெர்கஸுக்கும் நடுவே தையல் நூல் அளவுக்கு ஒன்று ஓடியது. ஃபெர்கஸுக்கும் சாயத்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நைரிக்கும் நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒன்று.

"அடேயப்பா, இதுல ஒரு செம்மறிக்கடாவையே கட்டலாம்," என்று சிரித்தாள் நைரி.

"கடாவைத்தான் ஏற்கெனவே கட்டியாச்சே," என்றாள் பிரான்வின்.

அன்று முதல் அவள் தூர வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தொலைவானவர்களின் நூல்கள் உதிர்ந்தன, பெருக்கி அள்ளினார்கள். தடித்த நூல் அசையவில்லை. அறுந்தது அவளுடையதுதான். அவசரமாக வரம்பைப் பழையபடி வைத்தாள்.

பிறகு புரத ஆய்வில் எல்லோரும் செய்கிற சோதனையைச் செய்தாள்: ஒரு புள்ளியை நீக்கிவிட்டு, எது குலைகிறதென்று பார்ப்பது. நைரியின் புள்ளியை நீக்கினாள். நைரி வேலைக்கு வரவில்லை. அப்படியொருத்தி இருந்ததே மற்றவர்களுக்கு நினைவில்லை. தடித்த நூலோடு பிரான்வினின் மெல்லிய நூலும் கூடவே விழுந்துவிட்டது. ஃபெர்கஸ் மாலையில் நுண்ணோக்கியை விட்டு எழவேயில்லை.

"நேரமாச்சு, வா வீட்டுக்கு," என்றாள் பிரான்வின்.

அவன் மரியாதையாக எழுந்து நின்றான். "மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியலையே?"

நூலின் பருமனைப் பார்த்தாளே தவிர, அதன் வழியாக என்ன வருகிறதென்று அவள் பார்த்திருக்கவில்லை. "போடா வீட்டுக்கு, அவ காத்திருப்பா" என்று அவனைத் தினமும் விரட்டியவள் நைரி. மனைவியின் பிறந்தநாளை ஞாபகப்படுத்தியவளும் நைரி. அவனிடமிருந்து தனக்கு வந்ததெல்லாம் அந்த ஒருத்தி வழியாக வந்ததுதான் என்று புரிந்தபோது, பிரான்வினின் பொறாமை இரண்டு மடங்காயிற்று. ஆனாலும் புள்ளியைத் திரும்ப வைத்தாள்; இரண்டு நூல்களும் மறுபடி ஓடின.

மறுநாள் நைரி வந்து ஸ்கோனைப் பிட்டாள். "என்னப்பா, ஒருத்தர்கூட என்னைத் தேடலையா?"

"நான் தேடினேன்," என்றாள் பிரான்வின். அது பொய்யில்லை.

அதற்குப்பின் பல குளிர்காலங்கள் போய்விட்டன. தடித்த நூல் இன்னும் தேநீர் அறையின் குறுக்கே ஓடுகிறது. கோப்பை துடைக்கும் துணிகளை எல்லோரும் அதில்தான் உலர்த்துகிறார்கள். பிரான்வின் மட்டும் தன் துணியை ஹீட்டர்மேல் போடுகிறாள்.