அந்தரத்தில் நின்ற அமிலம்

காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வு, ஒரு துளி அமிலத்தை மேசையோரத்துக்குச் சற்று வெளியே அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்தமருதிலுள்ள ஆய்வுகூடமொன்றில், நுஸ்கியா கணினி விசைகளைத் தட்டித் தட்டி அதைக் கிண்ணத்தை நோக்கி நகர்த்தினாள். காற்றுப் பட்டால் துளி விழுந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கஜரூபன் பாதுகாப்புக் கண்ணாடி போடாமலே உள்ளே வந்தான்.

"என்ன மிஸ், தண்ணி மிதக்குதா?" என்றபடி முழந்தாளிட்டு, துளிக்குக் கீழே முகத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தான்.

நுஸ்கியா கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். கத்தினால் திடுக்கிட்டு மேசையில் இடிப்பான். துளி நேரே கண்ணில் விழும்.

"தம்பி, அது அசிட்," என்றாள் மெல்ல. "கண்ண மூடு. மூச்ச அடக்கு. அசையாத."

அவன் முகம் வெளுத்தது. இமைகளை இறுக மூடிக்கொண்டான்.

அவள் துளியை ஒவ்வொரு மில்லிமீற்றராக நகர்த்தினாள். திடீரென்று மின்சாரம் குறைந்து விளக்கு மங்கியது. துளி தாழ்ந்து, அவன் புருவத்துக்கு மேலே ஆடியது. "யா அல்லாஹ்," என்று அவள் உதடுகள் அசைந்தன. வெளிச்சம் திரும்பியது; துளி மறுபடி உயர்ந்தது. கிண்ணத்துக்கு மேலே அதைக் கொண்டுபோனதும் அதிர்வை நிறுத்தினாள். துளி உள்ளே விழுந்தது.

"போயித்தா மிஸ்?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"ஓம், போயித்து. எழும்பு."

அவன் எழுந்துவிட்டான். அவளால்தான் நெடுநேரம் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.