ஒத்தைக்கைப் பலகை

பெயர், முத்திரை, டிசைன் இவற்றையெல்லாம் பதிவு செய்து கொடுக்கும் ஒரு வக்கீலிடம் நான் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு முத்திரையில் சிங்கம் வேண்டும். சோப்புக்காரருக்கும் சிங்கம், செருப்புக்காரருக்கும் சிங்கம். "சிங்கம் செருப்பு போடாதுங்களே" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வக்கீலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே புதிதாக எதையாவது செய்துகொண்டு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

என் அக்காவின் கணவர் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் ஃபிட்டர். வேலை நேரத்தில் வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியிருப்பார். வேலை முடிந்த பிறகும் அவை அங்கேயே இருக்கிற மாதிரிதான் பேசுவார். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலற்றுப் போனது. குழந்தை இல்லை, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வலது காலும் இழுத்துக்கொண்டது. சரியாக நடக்க முடியாததற்குக்கூட அக்கா அழவில்லை. "ஒரு வெங்காயத்தை வெட்ட முடியலடி, ஓடுது" என்று சொல்லி அழுதாள்.

மாமா பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை வைத்து ஒரு பலகை செய்தார். கத்தியின் முனை பலகையின் ஓரத்தில் ஒரு கீலில் மாட்டியிருக்கும். நடுவில் பல் வைத்த இடுக்கி, அது காயைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கையால் கத்தியை ஏற்றி இறக்கினால் போதும். நான் பார்க்கப் போன அன்று அக்கா இடது கையால் ஒரு தக்காளியை வில்லை வில்லையாக வெட்டிக் காட்டினாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"மாமா, இதைப் பதிவு பண்ணணும்" என்றேன்.

"பலகையைப் போயா?" என்றார்.

வக்கீலை நச்சரித்து விண்ணப்பம் போட வைத்தேன். சான்றிதழ் வந்தது. பாத்திரக் கம்பெனி ஒன்று மாமாவைக் கூப்பிட்டுப் பேசியது. பலகையை அவர்கள் செய்து விற்பார்கள், மாமாவுக்கு ஒவ்வொன்றிலும் பங்கு. அவர் பட்டறையை விட்டுவிட்டு அக்காவோடு வீட்டில் இருக்கலாம். பகலெல்லாம் தனியாக இருந்த அக்கா ஒரு தடவை குளியலறையில் விழுந்து, அவர் திரும்பி வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறாள். எங்களுக்கு அந்தச் சான்றிதழ் என்றால் அதுதான்: பகலில் வீட்டில் ஒரு ஆள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கம்பெனியின் பேச்சு திடீரென்று நின்றது. கொஞ்ச நாளில், பதிவை ரத்து செய்யச் சொல்லி அதே கம்பெனி மனுப் போட்டது. காரணம், அக்கா இணையத்தில் தன் பக்கத்தில் போட்ட ஒரு வீடியோ. இடது கை தக்காளி வெட்டுகிறது, பின்னால் ஏதோ ஒரு இசை, கீழே "என் வீட்டுக்காரர் எனக்காகச் செஞ்சது" என்று ஒரு வரி. விண்ணப்பத்துக்கு முன்னாலேயே போட்டிருக்கிறாள்.

சட்டம் ரொம்ப எளிது. பதிவு செய்கிற டிசைன் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் முன்பே ஊர் பார்த்துவிட்டால் அது புதிதில்லை. காட்டியது சொந்தக்காரரே ஆனாலும் சரி. தவளை தன் வாயால் கெடும் என்பதை இதற்கென்றே சொல்லி வைத்திருப்பார்கள் போல. திருடன் கொண்டுபோனால் புகார் கொடுக்கலாம். சந்தோஷத்தில் நாமே காட்டினால் கொடுக்க முடியாது. எனக்கு அந்தச் சட்டத்தை எழுதியவர் மீது பற்றிக்கொண்டு வந்தது.

வக்கீல் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு வழி இருக்கு" என்றார். சொந்தக்காரர் ஒருவரை நம்பிக் காட்டி, யாரிடமும் காட்டாதே என்று சொல்லியிருந்து, அவர் அந்த நம்பிக்கையை மீறி வெளியிட்டிருந்தால் பதிவு தப்பும்.

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அப்படித்தான் நடந்துச்சு. அவர் காட்டாதேன்னு சொன்னார். அவருக்குத் தெரியாம நானே எடுத்து, நானே போட்டேன்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவள்மேல் கோபம் என்று நினைத்தேன். வாக்குமூலத்தை நான்தான் டைப் அடித்தேன். 'என் மனைவி நான் வைத்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்து' என்ற வரி வந்தபோது அக்கா சிரித்தாள். "துரோகின்னு எழுதிக் குடுத்துட்டீங்க, இனிமே உங்களுக்குச் சாப்பாடு கிடையாது."

மாமா பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"போடுங்க. வெறும் காகிதம்தானே" என்றாள் அக்கா.

கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஏசி போட்டிருந்தார்கள், ஜன்னலும் திறந்திருந்தது. ஜன்னல் சரியாக மூடவில்லை என்பதை மாமா உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டார். விசாரணை அதிகாரி நல்ல மனிதர். அக்காவுக்குக் கை வைத்த நாற்காலி கொண்டுவரச் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

வாக்குமூலத்தைப் படித்தார். வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"உங்களுக்கு எந்தக் கைம்மா வராது?"

"வலது கை சார். விரலைக்கூட மடக்க முடியாது."

"இதுல வெட்டுறது உங்க இடது கை."

"ஆமா சார்."

"அப்ப போனை யாரும்மா பிடிச்சிருந்தது?"

எங்கள் வக்கீல் கோப்பைப் புரட்டினார், பதில் அதில் எழுதியிருக்கப் போகிற மாதிரி. அந்த வீடியோவை எத்தனை பேர், எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். எல்லோரும் வெட்டுகிற கையைத்தான் பார்த்திருக்கிறோம்.

"டப்பா மேல சாய்ச்சு வெச்சிருந்தேன் சார்" என்றாள் அக்கா.

அதிகாரி மூன்றாம் தடவை போட்டார். படம் மெதுவாகக் கிட்டே வருகிறது. பக்கவாட்டில் சுற்றிப் போய்க் கீலைக் காட்டுகிறது. அப்புறம் இடுக்கியின் பற்களை, ஒவ்வொன்றாக. அலுமினியத்தையும் ஸ்க்ரூவையும் கையால் தொட்டுப் பழகிய ஒருவர் எதை எதைப் பெருமையாகக் காட்டுவாரோ, அதை அதையெல்லாம் காட்டுகிறது.

"டப்பாவுக்குக் கால் இருக்கு போல" என்றார் கம்பெனி வக்கீல். யாரோ சிரித்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறோம், அதுவும் ஒரு கைப்பிடிச் சோற்றில். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் மறைப்போம் என்று நான் எழுந்தேன். நான்தான் பிடித்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

"நான்தான் சார் புடிச்சேன்."

"அவர் இல்ல சார்" என்றாள் அக்கா.

"நான்தான். அவ வெட்டுனா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நாலு பேர் பாக்கட்டும்னு நான்தான் போடச் சொன்னேன்." அக்கா பக்கம் கையைக் காட்டினார். "அவ துரோகம் எல்லாம் பண்ணல சார். அதை மட்டும் அடிச்சிடுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை மட்டும் அடிக்க முடியாதுங்க" என்றார்.

பதிவு ரத்தானது. பொய் வாக்குமூலத்துக்கு ஒரு கண்டிப்போடு விட்டார்கள், அது அதிகாரியின் கருணை. மாமா மறுநாள் பட்டறைக்குப் போனார். போகும் முன் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது, கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு புதுப் பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். துறுதுறுவென்று இருப்பாள், அக்காவுக்கும் பிடித்துப்போனது. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் மூன்று பேரும் இருக்கும்போது பெரிய அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தாள். பெட்டியின் மேல் இருந்த படத்தில் ஒரு அழகான பெண் ஒரு கையால் காய் வெட்டிக்கொண்டே இன்னொரு கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களை மாதிரி இருக்கறவங்களுக்குன்னே யாரோ யோசிச்சுச் செஞ்சிருக்காங்க பாருங்க. கடையில பாத்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

பச்சைப் பிளாஸ்டிக். கீல் அதே இடத்தில். இடுக்கிப் பல் அதே எண்ணிக்கை. எங்கள் பலகை அடுப்புக்குப் பின்னால் துணி போர்த்திக் கிடந்தது. அதை எடுத்துக் காட்டலாமா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

அந்தப் பெண் அக்காவின் இடது கையைப் பிடித்துக் கத்தியை எப்படி ஏற்றி இறக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். அக்கா தெரியாதவள் மாதிரி முதல் தக்காளியைக் கோணலாக வெட்டினாள். இரண்டாவதை நேராக வெட்டினாள்.

"அட, டக்குனு புடிச்சிக்கிட்டீங்களே. சார், கொஞ்சம் இந்தப் போனைப் புடிங்க. ஒரு வீடியோ எடுத்து என்கிட்ட வர்ற மத்தவங்களுக்கும் காட்டுறேன்."

வாசற்படியில் நின்றிருந்த மாமாவிடம் அவள் போனை நீட்டினாள். அவர் கை பாதி தூரம் வந்து நின்றது.

அக்கா கத்தியை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அவருக்கு அதெல்லாம் எடுக்கத் தெரியாதும்மா" என்றாள்.