நடுத்தூணில் முட்டிய சுவர்

ஃபிஜாக் நகரத்துத் துணி வியாபாரி பெர்த்ரான் கட்டிய கல்வீட்டு மாடியில், தெருவைப் பார்த்து ஓர் இரட்டைச் சன்னல்; நடுவில் மெல்லிய கல்தூண். அவர் கண்ணை மூடியதும் மருமகன்கள் இருவரும் பாகத்துக்காகக் கட்டிப் புரண்டார்கள். கடைசியில் மாடிக்கூடத்தின் குறுக்கே, சரியாக அந்தத் தூணில் போய் முட்டும்படி ஒரு சுவரை எழுப்பினார்கள். பெர்த்ரானின் மூத்த மகள் கில்லெல்மாவுக்கு ஒரு பாதிச் சன்னலும் ஏறி இறங்க ஓர் ஏணியும். இளையவள் சௌரினாவுக்கு மறுபாதியும், கணப்பும், கல்படிக்கட்டும். சண்டை போட்ட புண்ணியவான்கள் இரண்டு பேரும் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். சுவர் மட்டும் போவேனா என்றது.

சன்னலோரம் உட்கார்ந்தால் தங்கை பாடுவது கில்லெல்மாவின் காதில் விழும். சன்னல் விளிம்பில் தங்கை கை வைத்தால் விரல்கள் தெரியும். முகம் தெரியாது. கோயிலில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். யார் முதலில் பேசுவது என்ற வீம்பு. வீம்பைத் தின்றால் வயிறு நிறையுமா?

அன்று சந்தையில் சேதி வந்தது. சௌரினா நாளைக்குக் கன்னியர் மடத்தில் சேர்கிறாளாம். உள்ளே போனால் சாகும்வரை வெளியே வர முடியாது. கில்லெல்மா ஓடிப்போய்க் கொத்தனார் பெய்ரைக் கூட்டி வந்தாள்.

"இந்தச் சுவரை இடிச்சிடு, பெய்ரு. இன்னைக்கே."

அவர் அண்ணாந்து பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்கப்பா போட்ட உத்திரம் தொய்ஞ்சு, இப்ப இந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்கு. இதை எடுத்தா கூரை உங்க தலையிலதான்."

"ஒரு கதவாவது வையேன்."

"அதுக்கே முட்டுக் கொடுக்க ஒரு வாரம் ஆகும்."

"அவ நாளைக்குப் போறாளே" என்று கில்லெல்மா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

சன்னல் வழியாகத் தங்கையின் குரல் வந்தது. "ஏன்க்கா, சுவரை இடிச்சுக்கிட்டுதான் வருவியா? தெரு வழியா வந்தா உன் கௌரவம் தேஞ்சிடுமா?"

"நீதானே கதவைச் சாத்திக்கிட்ட?"

"நானா? உன் வீட்டுக்காரர் கண்ணை மூடின நாள்லேருந்து தாழ்ப்பாளே போட்டதில்ல. பொய்யின்னா வந்து தள்ளிப் பாரு."

கில்லெல்மா ஏணியில் இறங்கித் தெருவுக்கு வந்தாள். பக்கத்துக் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. அப்பா கட்டிய படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். மேலே, முக்காடு இல்லாமல் நின்ற தங்கைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"போகாதடி."

சௌரினா அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாக்குக் கொடுத்துட்டேன்க்கா. போன மாசம் நீ இந்தப் படி ஏறியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."