நீலத் தார்ப்பாய்

திருப்பதியிலிருந்து பெங்களூர் செல்லும் விமானத்தைப் பிரபாகர் ஓட்டும் நாள்களில், கங்காதர நெல்லூரில் அவன் அப்பா நாகபூஷணம் மொட்டைமாடியில் நீலத் தார்ப்பாயை விரித்து வைப்பார். மேலிருந்து அதைப் பார்த்துவிட்டு, இறங்கியதும் மகன் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

அன்று ஊர் நெருங்கும்போது, ஏறிக்கொண்டிருந்த விமானத்துக்குள் எச்சரிக்கைக் குரல் அலறியது: "லெவல் ஆஃப்! லெவல் ஆஃப்!" மேலே இன்னொரு விமானம் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்டுவிட்டால், பெற்ற தகப்பனே கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. பிரபாகர் ஏற்றத்தை நிறுத்தி, மோதாமல் வழிகாட்டும் கருவியின் பச்சைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆபத்து விலகியபோது ஊர் பின்னால் போய்விட்டிருந்தது.

பெங்களூரில் இறங்கியதும் வீட்டிலிருந்த தங்கை தேன்மொழிக்குப் போன் போட்டான். பார்க்கவில்லை என்று சொல்லி, வெயிலில் மாடியேறிய மனிதரை வருத்த மனம் வரவில்லை.

"தார்ப்பாய பாத்தேன்னு நைனாகிட்ட சொல்லும்மா."

அவள் உடைந்து அழுதாள்.

"மாடியில எங்கண்ணா பாத்த? நைனா விடிகாலையிலயே நம்மள விட்டுட்டு பூட்டாரு. நீ பிளேன் ஓட்டிக்கினு இருப்ப, கை நடுங்கும்னுதான் சொல்லல. தார்ப்பாய வாசல்ல பந்தலா கட்டிக்கிது. அதுங்கீழதான் நைனாவ படுக்க வெச்சிக்கினு, உனுக்காக காத்துக்கினு கீறோம்."