காசியம்மாள் மகளின் பெயர்க் கட்டம்

1

இந்தக் கதை ஒரு பிறப்புப் பதிவேட்டிலிருந்து வந்தது. அதில் ஒரு கட்டம் இன்னும் காலி.

‘அன்று கடல் சீற்றத்துடன்…’ (அடித்துவிட்டேன். அன்று நான் கடலைப் பார்க்கவில்லை.)

2

சிவப்பிரகாசம் பகலில் மாமல்லபுரம் பக்கம் ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறித் தத்துவ வகுப்பில் உட்காருகிறவன். [என் பெயரைப் போடக் கை கூசியது.] இந்த 1974 மார்கழியில் காசியம்மாள் கைக்குழந்தையோடு பெயர் பதிய வந்தாள். ஐப்பசிப் புயலில் புருஷன் சின்னராசு கட்டுமரத்தோடு காணாமல் போனபோது, வயிற்றுப் பிள்ளைக்கு உன் பெயர் வைக்கிறேன் என்று கன்னியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பயம் தீராமல் கோவளம் மாதாவிடமும், பிறகு தர்காவிலும் அதையே. இரண்டு நாள் கழித்து அவன் கரையேறினான். பிறந்தது ஒரே பெண்.

கன்னியம்மா மேரி மஸ்தானம்மா என்று சேர்த்து எழுதலாமே என்றான் சிவப்பிரகாசம்.

“மூணு பேருகிட்டயும் ‘உன் பேரு மட்டும்’னு சொல்லிட்டனே சார். பேரு வுட்டுப்போன சாமி கோவத்துல புள்ளய எடுத்துக்கினா?”

3

முந்தின நாள் பாடம் அவன் நோட்டில் இருந்தது: மதங்கள் பலவாக இருப்பது கடவுளுக்கு எதிரான சாட்சி அல்ல. பயமும் பழக்கமும் வளர்ந்த இடமும் இயற்கையாகவே வேறு வேறு பெயர்களைத் தரும். அந்த இயற்கையைக் கடவுளே ஆக்கியிருந்தால் யார்மேலும் குற்றமில்லை. ஓரத்தில் அவனே பென்சிலால் எழுதியிருந்தான்: கடவுள் இல்லாவிட்டாலும் இப்படித்தானே நடக்கும்?

ஓரத்துக் குறிப்பை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னான். சின்னராசுவைக் கரை சேர்த்த காற்று தானாகத் திரும்பியது, காற்றுக்கும் அப்பால் இருப்பவர் ஒருவரே, எந்தப் பெயரை எழுதினாலும் கோபம் வராது.

அவள் முகம் தெளிந்தது. (கதையை இங்கேயே நிறுத்தப் பார்த்தேன்.)

4

“அதே காத்துதான சார். எங்க குப்பத்து மோசஸும் அன்னிக்கு வேற மரத்துல போனான். அவன் பொஞ்சாதி மாதாவ மட்டும்தான் கேட்டா. அவன் வரல.”

சிவப்பிரகாசம் நோட்டைப் புரட்டினான். அந்தப் பக்கம்… (இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

5

முடிவு அ: சீட்டுக் குலுக்குகிறான். (கோழைத்தனம்.)

முடிவு ஆ: குழந்தைக்கு மோசஸின் பெயர். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

நடந்தது: அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, நீயே பாத்து எழுதி வை, திங்கக்கிழமை வரேன் என்று போய்விட்டாள்.

நாளை திங்கட்கிழமை. எழுத்தர் நாற்காலியை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது; எந்தப் பெயரை எழுதினீர்கள் என்று நீங்கள் வாய்விட்டுத்தான் சொல்லியாக வேண்டும்.