கடைசி தாழம்பூ டிரம்

பவுலின் எனக்குத் தரவேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மகனின் பள்ளிக்கூடப் பணத்துக்கென்று ஜூன் மாதம் வாங்கினாள். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவள் நான். நோட்டில் நானே எழுதி, கீழே அவளைக் கையெழுத்துப் போடவைத்தேன்.

பொம்மசந்திராவில் ஒரு ஊதுபத்தி கம்பெனியில் எங்களுக்கு வேலை. வாசனையில்லாத கறுப்புக் குச்சிகளைக் கட்டாகப் பிடித்து சென்ட்டில் முக்கிக் காயப்போட வேண்டும். யார் எந்த சென்ட்டில் முக்குவது என்று காலையில் போர்டில் சாக்பீஸால் எழுதுவது சூப்பர்வைசர் பவுலின்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அன்றைய வாசனை நகக்கண்ணில் தங்கிவிடும். நானோ கன்னத்துக்குக் கீழே கையை வைத்துத் தூங்குகிறவள்.

ரோஜா சென்ட்டில் முக்கிய நாளில் கனவே வராது. சந்தனம் என்றால் யாரோ என்னைத் துரத்துவார்கள். தாழம்பூ முக்கினால் மட்டும் அம்சா வருவாள். ஏழு வயதில் காய்ச்சலில் போன என் மகள். ஒரே ஒரு பிறந்தநாளுக்கு அவளுக்குத் தாழம்பூ மடல் மடித்து ஜடை தைத்தேன். கனவிலும் அதேதான். தலையை ஆட்டாமல் மடியில் உட்கார்ந்து, "எப்பம்மா முடியும்?" என்பாள்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் பவுலினிடம் உளறிவிட்டேன்.

ஆகஸ்டில் பணத்தைக் கேட்டேன். "ஸ்வல்ப பொறுத்துக்கோக்கா" என்றாள். மறுநாள் போர்டில் என் பெயருக்கு நேரே தாழம்பூ. அம்சா வந்தாள். விடிந்தபோது யாரிடமும் சண்டை போட மனசு வரவில்லை. செப்டம்பரில் கேட்டேன். மறுநாள் மறுபடியும் தாழம்பூ. அதன்பிறகு, கேட்ட தேதியை ஒரு பக்கமும் தாழம்பூ விழுந்த தேதியை எதிர்ப்பக்கமும் எழுதிவைத்தேன். ஐந்து முறை கேட்டிருக்கிறேன். ஐந்து முறையும் அடுத்த நாளே தாழம்பூ. என் பிள்ளையைக் காட்டி என் வாயை அடைக்கிறாளா?

ஆறாவது முறை கேட்டேன். மறுநாள் தாழம்பூ விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழமும் காப்பித்தூளும் போட்டுக் கை எரியும்வரை தேய்த்தேன். பிளாஸ்டிக் பையை இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு படுத்தேன். அம்சா வரவில்லை.

அடுத்த நாள் சாப்பிட உட்கார்ந்ததும் நோட்டைப் பவுலின் முன்னால் போட்டேன்.

"என்னக்கா இது, போலீஸ் மாதிரி தேதி தேதியா எழுதி வெச்சிருக்க?"

"படி."

படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"வேணும்னேதான எழுதின?"

"ஆமா."

"எவ்ளோ தைரியம் இருந்தா ஆமான்னுவ! எம் பொண்ணுதான் கெடச்சாளாடி உனக்கு?"

"காசு கேட்டு வந்து நிக்கிற. எங்கிட்ட ஒண்ணுமில்ல. வேற என்னத்தக்கா உனக்குக் குடுப்பேன்? அந்த போர்டு ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

நம்புவதா என்று தெரியவில்லை. திருடி மாட்டிக்கொண்டவளும் இப்படித்தான் பேசுவாள்.

பர்ஸிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினாள். "எண்ணூத்தி நாப்பது இருக்கு. மிச்சம் சம்பளத்துல. இனிமே உன்ன தாழம்பூல போடல, போதுமா? அதுவும் ஒரு டிரம்தான் பாக்கி. ஆர்டர் நின்னுபோச்சுன்னு ஓனர் சொல்லிட்டாரு."

சோற்றில் வைத்த கை நின்றது. இதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறாளோ? கையை உதறிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்த்தேன். பதினோரு டிரம்மில் தாழம்பூ ஒன்றுதான்.

திரும்பி வந்து கேட்டேன். "எத்தன நாளைக்கு வரும்?"

"ஒரே ஆள் முக்கினா எட்டு நாள். ஏங்கா?"

பணத்தை வாங்கி இரண்டு தரம் எண்ணி இடுப்பில் செருகினேன்.

"எட்டு நாளும் எம் பேரு எழுது. வேற எவ பேரும் வரக்கூடாது."

"அப்ப மிச்சம் மூவாயிரம்?"

நோட்டைப் பிடுங்கினேன். அவள் கையெழுத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதி, இந்தத் தடவை என் கையெழுத்தைப் போட்டேன்.