பச்சை அட்டை, நடுவில் வட்டம்

கனவு வந்தது என் வீட்டுக்காரருக்கு. வேலை வந்து சேர்ந்தது எனக்கு.

சீனாக்காரனோடு சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் சாமியப்பன் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் பாயில் எழுந்து உட்கார்ந்து, "சாரதா, முருகன் வந்தாரு" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார் என்பதுபோல அவர் சொன்னதால், நான் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தேன்.

சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாராவது ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து, இன்ன பொருளை அந்தப் பெட்டியில் வை என்று உத்தரவு போடுவார். அந்தப் பக்தர் மலையேறிப் போய்ச் சொன்னால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, இதனால் நாட்டில் என்ன நடக்குமோ என்று பேசிக்கொண்டிருக்கும். சிவப்பு வந்தால் வந்த வழியே இறங்க வேண்டியதுதான்.

"என்ன வெக்கச் சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"பொஸ்தகம்."

"எந்தப் பொஸ்தகமுங்க?"

"அதைத்தான் சொல்லலையே! பச்சை அட்டை. நல்ல தடிமன். பிரிச்சுக் காட்டினாரு, உள்ளே ஒரு வட்டம், அதுக்குள்ளே கோடு கோடா இருந்துச்சு. எழுத்தைப் பார்க்கறதுக்குள்ளே முழிப்பு வந்திருச்சு."

எழுத்தைப் பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்குப் படிக்க வருவது பனியன் சைஸ் நம்பரும் பஸ் போர்டும்தான். நாளெல்லாம் வட்டமான மெஷினையும் அதைச் சுற்றியிருக்கும் ஊசிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறவர் கனவில் வட்டம் வராமல் சதுரமா வரும் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணனும் பங்காளிகளும் சொந்த மெஷின் போட்டுவிட்டார்கள். விசேஷ வீடுகளில் இவரைச் சாப்பிடக் கூப்பிட மறந்துபோகிற அளவுக்கு ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதரை முருகன் தேடி வந்திருக்கிறார் என்றால் இவர் சும்மா விடுவாரா?

அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனார். அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கும் கன்னையன் இவர் சொன்ன அடையாளத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். கிழிந்த புத்தகத்துக்கெல்லாம் பச்சைக் காலிக்கோ துணி போட்டுத்தான் அங்கே பைண்டு செய்வார்கள். பாதி நூலகம் பச்சை. "வட்டம் எதுல இருக்குதுன்னு எனக்கெப்படிங்க தெரியும்? ஒவ்வொண்ணா ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க" என்று சொல்லி, முதலில் கைக்கு வந்ததைக் கொடுத்தனுப்பினார்.

என் மாமியார் சுப்பாத்தாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் எட்டாவது வரை படித்தவள். படிப்பென்றால் எனக்கு உயிர். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டில் ஒரு வாரப் பத்திரிகையை இரவல் வாங்கி வந்தேன். கம்பெனியிலிருந்து வந்த, நூல் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் மூட்டை கிடக்கும்போது பொம்பளைக்குக் காகிதம் என்ன கேடு என்று, அதை அடுப்பில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கடலை மடித்து வந்த தாள்தான். அதையும் நின்றபடியே படித்துவிட்டுக் கசக்கிப் போடுவேன்.

அதே மாமியார் பச்சை அட்டையைப் பார்த்ததும், "சாமி பொஸ்தகமா இருந்தாலும் இருக்கும். தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து தொடு கண்ணு" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. மணையைப் போட்டார். விளக்கை ஏற்றினார். பனியன் மூட்டையை அவரே மூலையில் தள்ளினார்.

"படத்தை மட்டும் புரட்டிப் பார்த்தாப் போதுமுங்க அத்தை" என்றேன்.

"சாமி காரியத்தை நடுவுலயா பிரிப்பாங்க? மொதல்ல இருந்து வா."

அது மாட்டு வைத்தியம். ஈரத் தலையோடு உட்கார்ந்து, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்யவேண்டும் என்று நான் உரக்கப் படிக்க, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். வட்டம் வந்தது, மாட்டின் இரைப்பையாக. "இதேதான்!" என்று துள்ளினார் இவர். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை, கோடு இன்னும் நெருக்கமா இருந்துச்சு" என்றார். மறுநாள் வேறு புத்தகம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் கடல் பயணம், அதில் திசைகாட்டியாக வட்டம். அடுத்த நாள் ரேடியோ ரிப்பேர், அதில் திருகும் குமிழாக வட்டம். பலகாரம் செய்யும் புத்தகத்தில் முறுக்கு. ஜமீன்தாரைக் கொன்றவன் யாரென்று தேடும் நாவலில், நின்றுபோன கடிகாரம். அதுதான் சாமி புத்தகமோ என்று, அந்த நாவலைக் கேட்ட மூன்று நாளும் எங்கள் வீட்டில் கவுச்சி சமைக்கவில்லை. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் எங்காவது ஒரு வட்டம் இருக்கத்தான் செய்தது. உலகத்தில் இத்தனை சங்கதி இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிய ஆரம்பித்ததும் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது திசைகாட்டி ஞாபகம் வரும். பிசிறு வெட்டும்போது ஜமீன்தாரின் தம்பி மேல் சந்தேகம் வரும். ஒரு புத்தகம் விதி என்றது, இன்னொன்று விதியாவது ஒன்றாவது என்றது. இரண்டையும் படித்த அன்று இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் பட்டது. குழப்பத்தில் சோறு குழைந்துபோனாலும் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் பிள்ளைப்பேறு பற்றிய புத்தகம் வந்துவிட்டது. நடுவில் வட்டமாகக் கருப்பையும் உள்ளே தலைகீழாகக் குழந்தையும். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் மூடப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு பெத்திருக்கேன். உள்ளே இப்படித்தான் இருக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆகாயத்தைப் பற்றிய புத்தகம் வந்தது. சூரியனைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகக் கோள்கள். நான் பாதிதான் படித்திருந்தேன். இவர் விரலை வைத்து, "இதுதான், சத்தியமா இதுதான்" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. தேடித் தேடி அவருக்கே அலுத்துவிட்டது என்று தோன்றியது. கோயிலில் வைத்துவிட்டால் பதிலுக்கு வேறொன்று வாங்கித் தருவதாகக் கன்னையனிடம் சொல்லிவிட்டு, கிருத்திகை அன்று எங்களைக் கிளப்பிக்கொண்டு சிவன்மலைக்குப் போனார்.

தாம்பாளத்தில் தேங்காய், பழம், நடுவில் புத்தகம். இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிச் சாமி முன்னால் வைத்தார்கள். இவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளை வந்தால் தேடல் முடிந்தது. நாளை முதல் மணையும் கிடையாது, விளக்கும் கிடையாது, பனியன் மூட்டைதான். கட்டின புருஷன் பக்கத்தில் வெள்ளைக்காக உருகிக்கொண்டிருக்க, நான் மனசுக்குள், "முருகா, சிவப்பு, சிவப்பு" என்று கெஞ்சினேன்.

சிவப்பு வந்தது.

அவர் அழவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டதால்தான் வந்ததா? தானாக வந்ததா? என் சந்தோஷம் பாதி வழியில் நின்றுபோனது.

படியிறங்கும்போது, "நாளைக்கு வேற பொஸ்தகம் கொண்டாந்து பார்க்கலாமுங்க" என்று அவரைத் தேற்றுவதுபோல ஆரம்பித்தேன்.

அத்தை குறுக்கே வந்தார். "எதுக்கு? சாமியே வேண்டான்னு சொல்லிருச்சு. இனி ஊட்டுக்குள்ளே பொஸ்தகமே வேண்டாம். இதை வாங்கின எடத்துல குடுத்துட்டு வா சாமி" என்றார் மகனிடம்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். வெள்ளை வந்தாலும் போயிருக்கும், சிவப்பு வந்தும் போய்விட்டது. அப்படியானால் நான் முருகனிடம் என்னதான் கேட்டேன்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. இவர் கையிலிருந்த தாம்பாளத்திலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

"சாமிக்கு வேண்டாமுன்னாப் போகட்டுமுங்க அத்தை. எனக்கு வேணுமுங்க."

"உனக்கா? உனக்கெதுக்கு?"

"எதுக்குன்னு தெரியலீங்க. ஆனா வேணும்."

என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. அத்தை மகனைப் பார்த்தார். இவர் துண்டை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, நான் உட்காருவதற்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

உட்கார்ந்தேன். அட்டையில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சேலையில் துடைத்துவிட்டு, பாதியில் விட்ட பக்கத்தைப் பிரித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு புத்தகத்தைச் சத்தமில்லாமல், எனக்கு மட்டும் படித்தேன்.